மயிரிழைக் குறிக்கு மரக் கட்டை போதுமா?

அமெரிக்காவின் பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கிப் போட்டிகளில் வெற்றியை நிர்ணயிப்பது மில்லிமீட்டர் கணக்கு. அதில் இறங்க விரும்பும் சாதாரண வருமானக்காரரைத் தயங்க வைப்பது டாலர் கணக்கு. சிக்கனம் பிடிக்க ஏற்ற இடம் கட்டைதான். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

நூறு கஜம் தள்ளி ஒரு காகிதம். அதில் ஐந்து குண்டுகள். ஐந்தும் ஒரே துளை வழியாகப் போக வேண்டும். பெஞ்ச்ரெஸ்ட் என்ற விளையாட்டின் லட்சியம் இவ்வளவுதான். ஓட்டமில்லை, ஆட்டமில்லை. அசையாத ஒரு மேஜை. அதன்மேல் முன்பக்கம் மணல் பை வைத்த தாங்கி, பின்பக்கம் இன்னொரு மணல் பை. இரண்டின் மேலும் துப்பாக்கி படுத்திருக்கிறது. சுடுபவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தொலைநோக்கி வழியே பார்த்து, விசையை விரலால் தொடுகிறார். 7 நிமிடத்துக்குள் ஐந்து முறை சுட வேண்டும். பிறகு, ஒன்றுக்கொன்று மிகவும் விலகியிருக்கும் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கிறார்கள். யாருடைய தூரம் குறைவோ அவருக்கு வெற்றி.

இந்தத் தூரம் எவ்வளவு குறைய முடியும்? 1973ல் மேக் மக்மிலன் என்பவர் 100 கஜத்தில் சுட்ட ஐந்து குண்டுகளின் அளவு 0.009 அங்குலம். அதாவது 0.23 மி.மீ. நாற்பது ஆண்டுகள் அந்தச் சாதனையை யாராலும் நெருங்க முடியவில்லை. 2013ல் டெக்சாஸ்காரரான மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலம் சுட்டு அதை முறியடித்தார். ஒரே துளைதான் தெரிகிறதென்றால் ஐந்து குண்டும் அதில்தான் போயின என்று எப்படி நம்புவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இலக்குக் காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு காகிதம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் ஒரு துளை தெரிந்தாலும் பின்னால் ஐந்து துளைகள் தனித்தனியே பதிந்திருக்கும்.

இந்தப் போட்டிகளை நடத்த 1951ல் தேசிய பெஞ்ச்ரெஸ்ட் சுடுவோர் சங்கமும், 1970ல் சர்வதேச பெஞ்ச்ரெஸ்ட் சங்கமும் அமெரிக்காவில் தோன்றின. இங்கே முன்னணியில் இருக்கும் துப்பாக்கிகள் கடையில் முழுதாக வாங்கியவை அல்ல. குழல் ஒரு நிறுவனத்திடம், தோட்டாவைப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷன் இன்னொருவரிடம், விசை வேறொருவரிடம், தொலைநோக்கி மற்றொருவரிடம் என்று வாங்கி, கைதேர்ந்த ஒரு துப்பாக்கிக் கைவினைஞரிடம் கொடுத்து இணைக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஸ்டாக் எனப்படும் கட்டை. புதிதாக வருபவர் பட்டியல் போட்டுக் கூட்டிப் பார்க்கும்போது, எதில் குறைக்கலாம் என்று தேடும் கண் முதலில் போய் நிற்பதும் இந்தக் கட்டையில்தான்.

கையால் செய்த ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் ஃபைபர் கட்டை வாங்கி, வர்ணம் பூசி, ஆக்‌ஷனைப் பொருத்தி முடிப்பதற்குள் ஆயிரம் டாலரை எட்டிவிடும். சில சமயம் தாண்டியும் போகும். இயந்திரத்தில் கடைந்து வரும் லேமினேட் மரக் கட்டை அதில் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. வித்தியாசம் சின்னதல்ல. அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு புதிய குழலே வாங்கிவிடலாம். ஆனால் விலை குறைந்த கட்டை குறியைக் கெடுத்துவிடாதா?

அரை மில்லிமீட்டர் பயணம்

கட்டை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். இந்தியர்கள் அதிகம் கேள்விப்பட்ட துப்பாக்கிப் போட்டிகள் ஒலிம்பிக்கில் நடப்பவை. 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2024ல் பாரிசில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும் துப்பாக்கியைத் தங்கள் உடம்பால் தாங்கிச் சுட்டவர்கள். அந்த ரைபிள்களின் கட்டை, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கன்னம் படும் இடத்தை ஏற்றி இறக்கலாம். தோள்பட்டைத் தகட்டைத் திருப்பலாம், நீட்டலாம். பெஞ்ச்ரெஸ்டில் நிலைமை தலைகீழ். துப்பாக்கியைத் தாங்குவது மணல் பைகள். பலர் தோளைக்கூட மெல்லத்தான் தொட வைக்கிறார்கள். ஆகவே இங்கே கட்டை பொருந்த வேண்டியது உடம்போடு அல்ல, பைகளோடு.

விசையை அழுத்தியதும் குண்டு குழலை விட்டு வெளியேற, ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் ஒன்றிரண்டு கூறு நேரம்தான் ஆகிறது. அதற்குள் துப்பாக்கியும் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான்: 4.4 கிராம் எடையுள்ள குண்டு 55 செ.மீ. நீளக் குழலைக் கடப்பதற்குள், 4.76 கிலோ எடையுள்ள துப்பாக்கி சுமார் அரை மில்லிமீட்டர் பின்னுக்கு வந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டரும் நேராக இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? முன் பைக்கும் பின் பைக்கும் இடையே 45 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம், உயர்ந்துவிட்டால் 100 கஜத்தில் குண்டு 20 மி.மீ. மேலே போய்விழும். சராசரியாக 5 மி.மீ.க்குள் சுடுபவர்கள் பரிசுக்குப் போட்டியிடும் இடத்தில் 20 மி.மீ. விலகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, கட்டையிடம் எதிர்பார்ப்பது மூன்றே மூன்று. வளையக் கூடாது. பைகளின் மேல் நேர்கோட்டில் வழுக்க வேண்டும். தன்னுள் உட்கார்ந்திருக்கும் ஆக்‌ஷனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இழையோட்டத்தின் அழகு, பளபளப்பு, தயாரித்தவரின் பெயர் ஆகியவற்றுக்குக் காகிதத்தில் மதிப்பெண் கிடையாது.

மரம் செய்த துரோகம்

ஒரு காலத்தில் எல்லாக் கட்டைகளும் வால்நட் மரத்தில்தான் செய்யப்பட்டன. பார்க்க அழகு, இழைக்கச் சுலபம், அதிர்வையும் உள்வாங்கும். ஆனால் மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்த எவருக்கும் மரத்தின் குணம் தெரியும். ஈரம் ஏறினால் குறுக்குவாட்டில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இழை ஒரே சீராக ஓடாத இடத்தில் முறுக்கிக்கொள்ளும். காலையில் குழலைத் தொடாமல் இருந்த கட்டை மாலையில் அதன்மேல் சாயும்.

இது போட்டிக்காரர்களின் வீண் கவலை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க மரைன் படை 1966ல் எம்-40 என்ற தூரக்குறித் துப்பாக்கியை மரக் கட்டையோடு வியட்நாமுக்கு அனுப்பியது. அங்கே இருந்த ஈரப்பதத்தில் கட்டைகள் ஊதி, முறுக்கி, குறி தவறின. 1970களில் அந்தத் துப்பாக்கியின் அடுத்த வடிவம் மக்மிலன் நிறுவனத்தின் ஃபைபர் கிளாஸ் கட்டையோடுதான் வந்தது.

ஆனால் ஃபைபர் கிளாசுக்கு வழி திறந்தவர்கள் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள். 1960களில் செட் பிரவுன், லீ சிக்ஸ் என்ற இருவர் இந்த வகைக் கட்டைகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஈரத்துக்கு அசையாதது என்பது ஒரு லாபம். எடை குறைவு என்பது இன்னொரு லாபம். கட்டையில் மிச்சமான எடையைக் கனமான குழலுக்குக் கொடுக்க முடிந்தது. கனமான குழல் குறைவாக அதிர்கிறது. மரக் கட்டை வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

அப்படியானால் மரத்தின் கதை முடிந்துவிட்டதா? முடியவில்லை. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ரெசின் பூசி, அழுத்தத்தில் ஒட்டி உருவாக்கும் லேமினேட் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. ஒரு தகடு ஒரு பக்கம் இழுத்தால் அடுத்தது இன்னொரு பக்கம் இழுக்கும். மொத்தத்தில் கட்டை அசையாமல் நிற்கும். தெற்கு டகோட்டா மாநிலத்தின் மிட்செல் நகரில் உள்ள பாய்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைக் கணினி இயந்திரங்களில் கடைந்து விற்கின்றன. லேமினேட்டும் மரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே குடைந்த பள்ளம், திருகாணித் துளைகள், தோள்பட்டைத் தகட்டுக்கு அடியில் உள்ள வெட்டுமுகம் ஆகியவற்றில் வார்னிஷ் அல்லது எபாக்சி பூசி அடைத்தால்தான் ஈரம் உள்ளே போகாது.

முதலில் தராசு

லேமினேட்டின் ஒரே பெரிய குறை எடை. அதனால்தான், எந்தக் கட்டை என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பிரிவு என்று தீர்மானிக்க வேண்டும். லைட் வார்மின்ட் என்ற பிரிவில் தொலைநோக்கி உட்பட மொத்தத் துப்பாக்கியும் 10.5 பவுண்டுக்கு, அதாவது 4.76 கிலோவுக்கு, மேல் போகக் கூடாது. ஹெவி வார்மின்ட் பிரிவில் 13.5 பவுண்டு, அதாவது 6.12 கிலோ வரை போகலாம்.

கூட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். குழல் ஏறத்தாழ 2.3 கிலோ. ஆக்‌ஷன் 0.9 கிலோ. தொலைநோக்கி 0.6 கிலோ. அதைப் பிடிக்கும் வளையங்கள், விசை என்று 0.15 கிலோ. லைட் வார்மின்டில் கட்டைக்கு மிஞ்சுவது 800 கிராம் சொச்சம். சாதாரண லேமினேட் கட்டை 1.3 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை இருக்கும். அது இந்தக் கணக்குக்குள் அடங்காது. இந்தப் பிரிவில் மலிவான கட்டையோடு மல்லுக்கட்டினால், எடையைக் குறைக்கக் குழலை மெலிய வைக்க வேண்டியிருக்கும். முதலுக்கே மோசம்.

ஹெவி வார்மின்டில் அதே பாகங்கள் போக இரண்டு கிலோவுக்கு மேல் மிஞ்சும். லேமினேட் தாராளமாக அடங்கும். நெடுந்தூரப் போட்டிகளில் இன்னும் வசதி. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1967ல் தொடங்கிய 1,000 கஜப் போட்டி மரபில் லேசான பிரிவுக்கே 17 பவுண்டு, அதாவது 7.7 கிலோ வரை அனுமதி. அந்த மேஜைகளில் லேமினேட் கட்டைகள் இன்றும் சர்வசாதாரணம். எடை அங்கே பாரமில்லை. பின்னுதைப்பை அடக்கும் துணை.

ஊசி அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டைகள் இன்னும் மலிவு. அமெரிக்கர்கள் கிண்டலாக 'டப்பர்வேர்' என்று சொல்வது இவற்றைத்தான். முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும் கட்டை, பையின் மேல் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பகுதியின் குழிகளில் உடைந்த கார்பன் அம்புகளைப் படுக்கவைத்து எபாக்சி ஊற்றி விறைப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழகுவதற்குச் சரி, போட்டிக்கு அதை நம்பிப் பணம் கட்டுவது புத்திசாலித்தனமல்ல. அலுமினியச் சட்டங்கள் வளையாதவை, ஆனால் எடையும் விலையும் கூடுதல்.

அடிப்பாகம் பேசும்

கட்டையைக் கையில் எடுத்தால் பெரும்பாலோர் மேற்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக் கட்டையின் முன்பகுதி குறுகலாக, கையில் பிடிக்க வாகாக, உருண்டையாக இருக்கும். பின்பகுதியின் அடிக்கோடு சரிந்து இறங்கும். மணல் பையின் மேல் வைத்தால் முன்பகுதி பக்கவாட்டில் ஆடும். பின்னுதைக்கும்போது சரிவான அடிப்பாகம் பையின் மேல் வழுக்கி, துப்பாக்கியின் பின்பக்க உயரத்தை மாற்றும். தலைமுடிக் கணக்கு இங்கேதான் தவறுகிறது.

போட்டிக் கட்டையின் முன்பகுதி தட்டையாக, விதி அனுமதிக்கும் 3 அங்குல அகலம் வரை இருக்கும். அடிக்கோடு குழலுக்கு ஏறத்தாழ இணையாக ஓடும். இந்த வடிவத்திலேயே கடைந்த லேமினேட் கட்டைகள் கிடைக்கின்றன. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். வேட்டைக் கட்டையை வாங்கி அகலத் தகடும் பின்பக்கத் தண்டவாளமும் பொருத்திச் சரிசெய்யலாம். ஆனால் அந்த ஒட்டுவேலைக்கு ஆகும் செலவும், அதைப் போட்டி விதி ஏற்குமா என்ற கேள்வியும் சேர்ந்து, முதலில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

கட்டை நேராக வழுக்குகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. காலியான துப்பாக்கியைப் பைகளின் மேல் வைத்து, தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டை இலக்கின் மேல் நிறுத்திவிட்டு, மெதுவாக ஐந்து செ.மீ. பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு இலக்கின் மேலேயே நின்றால் நல்ல கட்டை. இடமோ வலமோ ஓடினால் பைகளைத் திருத்த வேண்டும். எவ்வளவு திருத்தியும் ஓடினால் கட்டையே கோணல்.

பாதி விலை, முழு வேலை

மலிவான கட்டையின் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுவது பெட்டிங் என்ற வேலையை. ஆக்‌ஷனும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் இடைவெளியே இல்லாமல் எபாக்சியால் படுக்கை போடுவதுதான் அது. இயந்திரம் எவ்வளவு நுட்பமாகக் குடைந்தாலும் ஆக்‌ஷன் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும். திருகாணியை முடுக்கினால் ஆக்‌ஷனே லேசாக வளையும். அந்த வளைவு ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒவ்வொரு விதமாக விடுபடும்.

இதற்கு, திருகாணித் துளைகளைச் சுற்றி அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதிக்கிறார்கள். முடுக்கும் அழுத்தத்தை மரம் தாங்காமல் உலோகம் தாங்கும். பிறகு எபாக்சியைப் பூசி ஆக்‌ஷனை உட்கார வைக்கிறார்கள். பின்னுதைப்பைத் தாங்கும் லக் என்ற புடைப்பின் பின்முகம் மட்டும் இறுகப் பதிய வேண்டும். அதன் முன்னும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டி நூலிழை இடைவெளி விடுவார்கள். ஆக்‌ஷனுக்கு மெழுகோ பூட்ஸ் பாலீஷோ தடவாமல் இதைச் செய்பவர், மறுநாள் கட்டையை உடைத்துத்தான் ஆக்‌ஷனை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பொருளுக்கு ஆகும் செலவு சில பத்து டாலர்கள். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். இல்லாதவர் கைவினைஞருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியைக் கட்டையின் விலையோடு சேர்த்துத்தான் மலிவா இல்லையா என்று பேச வேண்டும்.

பெட்டிங் சரியா என்று சோதிக்க ஒரு டயல் கேஜ் போதும். அதைக் குழலில் பொருத்தி, முள் கட்டையின் முன்பகுதியைத் தொடும்படி வைத்து, ஒரு திருகாணியைத் தளர்த்த வேண்டும். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. குழல் கட்டையைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்க்க அமெரிக்கர்கள் ஒரு டாலர் நோட்டை இடையில் நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்க்கிறார்கள். நோட்டு எங்கும் சிக்கக் கூடாது.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன நஷ்டம்? பெட்டிங் கெட்ட துப்பாக்கி அதைச் சொல்லிக் காட்டாது. நான்கு குண்டுகள் ஒரே துளையில் போகும், ஐந்தாவது விலகும். உரியவர் முதலில் காற்றைச் சந்தேகிப்பார். பிறகு வெடிமருந்தின் அளவை மாற்றுவார். குண்டை மாற்றுவார். தொலைநோக்கியைக் கழற்றி அனுப்புவார். கடைசியில் குழல்தான் கெட்டது என்று முடிவு கட்டி, நல்ல குழலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார். ஐந்தாவது குண்டு அப்போதும் விலகும். ஒரு சீசன் முழுவதும் வீணாகி, வெறுத்துப்போய் விளையாட்டையே விடுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அவர்களைத் தோற்கடித்தது கட்டையின் விலை குறைவு அல்ல. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பெட்டிங்குக்கு ஒதுக்காதது.

எதற்கு எவ்வளவு

செலவைப் பங்கிடும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. போட்டித் துப்பாக்கியின் குழல் தேய்மானப் பொருள். பெஞ்ச்ரெஸ்டில் பெயர்பெற்ற 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவை, 1970களில் லூயிஸ் பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கியதைச் சுடும் குழல் ஏறத்தாழ ஆயிரம் தோட்டாக்களிலேயே தன் உச்ச நுட்பத்தை இழக்கத் தொடங்கிவிடும். தீவிரமாகப் பழகுபவருக்கு அது ஒரு சீசன் கணக்கு. கட்டை அப்படியல்ல, ஒழுங்காகச் செய்தால் பல குழல்களைப் பார்த்துவிடும். பணம் குறைவாக இருப்பவர் குழலில் மிச்சம் பிடிப்பது தவறு. கட்டையில் மிச்சம் பிடித்து, அதை இரண்டாவது குழலுக்கு வைப்பது தகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: பழைய ஃபைபர் கிளாஸ் கட்டை. வயதான போட்டிக்காரர்கள் விற்பதை வாங்கினால், எடை குறைந்த கட்டை லேமினேட் விலைக்குச் சற்று மேலே கிடைக்கலாம். லைட் வார்மின்டில்தான் சுடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு இதுவே சிறந்த பேரம். கைப்பிடியின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா, பழைய பெட்டிங்கை எத்தனை முறை சுரண்டியிருக்கிறார்கள், குடைவு எந்த ஆக்‌ஷனுக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். 1962ல் வந்த ரெமிங்டன் 700 துப்பாக்கியின் அளவிலேயே பல தனித் தயாரிப்பு ஆக்‌ஷன்களும் செய்யப்படுவதால், அந்தக் குடைவுள்ள கட்டைக்கு இணை தேடுவதும், வேண்டாமென்றால் திரும்ப விற்பதும் சுலபம்.

ஆக, வரிசை இப்படி அமைகிறது. முதலில் பிரிவைத் தீர்மானித்து எடையைக் கூட்டிப் பார்ப்பது. பிறகு அடிப்பாகம் நேரான, விறைப்பான கட்டையாகத் தேடுவது. ஹெவி வார்மின்டுக்கும் நெடுந்தூரத்துக்கும் லேமினேட், லைட் வார்மின்டுக்குப் பழைய ஃபைபர் கிளாஸ். வாங்கும் நாளிலேயே பெட்டிங்குக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைப்பது. மிஞ்சியதெல்லாம் குழலுக்கும், தோட்டாக்களுக்கும், காற்றைப் படிக்கப் பழகும் நாட்களுக்கும். இந்த வரிசையில் செலவு செய்பவர், பக்கத்து மேஜைக்காரரின் கட்டை தன்னுடையதைவிட நான்கு மடங்கு விலை என்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. நடுவர் அளப்பது இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும்தான்.